கை சொன்னால்தான்

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு சட்டைக் கை கிடக்கிறது. சட்டை கிடையாது, வலது கை மட்டும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை லாங்கிளாத் துணியில் தைத்தது. தோளோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள இரண்டு நாடா. ஒரு காலத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இப்போது பழுப்பேறிவிட்டது. முழங்கைக்குக் கீழே மஞ்சளாக ஒரு மீன்குழம்புக் கறை. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை, போகாததும் நல்லதுதான். இன்று காலை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் மகள் காப்பி லோட்டாவை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அவள் அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அன்று முதல் திருவொற்றியூரில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். மருமகனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, தங்கமான பிள்ளை. இருவரும் என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த லோட்டாவின் சத்தம் கேட்டதும் என் மனசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. இரவெல்லாம் இருமினேனே, மருமகனுக்குத் தூக்கம் கெட்டிருக்கும். அவன் இவளிடம் முணுமுணுத்திருப்பான். இவள் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். இன்னும் ஒரு மாதத்தில் வாய்விட்டே சொல்லிவிடுவாள், அதற்குள் நாமே கிளம்பிவிடுவதுதான் மரியாதை. காப்பி ஆறுவதற்குள் நான் பெட்டியைக் கட்டி, காசிமேட்டில் ஓர் அறை பிடித்து, அங்கே கேட்பாரற்றுக் காய்ச்சலில் கிடந்து, மகள் தலைவிரிகோலமாக ஓடி வந்து அழுகிற கட்டம் வரைக்கும் வந்துவிட்டேன். கண்ணில் நீர்கூடத் துளிர்த்தது. இந்த வித்தையில் நான் இன்று நேற்றுப் பழகியவன் அல்ல. இது இன்னதென்று எனக்கு ஒரு மனிதரால் தெரிந்துபோய்ப் பதினெட்டு வருஷமாகிறது. தெரிந்தும் விட்டபாடில்லை.

அப்போது ஜெர்மன் யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். தண்டையார்ப்பேட்டையில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் கை காட்டுகிற வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை அதுதான். கப்பலை ஒட்டிக் கரையில் கிரேன் நிற்கும். உயரத்தில் அதன் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கப்பலின் மேல்தளம் தெரியும், அடிக்கிடங்குக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. நான் கிடங்கின் வாயோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, மேலே இருப்பவருக்குக் கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினால் இறக்கு. விரலைச் சுழற்றினால் தூக்கு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால் நிறுத்து. இயந்திர இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கிடங்குக்குள் மூட்டை அடுக்குகிற ஆறேழு பேரின் தலை என் கையை நம்பித்தான் இருந்தது.

கிரேன் ஓட்டியவரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் வீடு, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கை தெளிவாகத் தெரியாவிட்டால் பாரத்தை ஒரு விரற்கடைகூட நகர்த்த மாட்டார். மூட்டைக்காரர்கள் கத்தினாலும், மேஸ்திரி வந்து திட்டினாலும், அடுத்தது இறக்குவதுதான் என்று கரையில் நிற்கிற காக்காய்க்குக்கூடத் தெரிந்திருந்தாலும் நகர்த்த மாட்டார். "கை சொன்னாதான் ஓட்டுவேன். சொல்லியிருப்பான்னு நெனச்சிக்கினு ஓட்ட மாட்டேன்" என்பார். இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது, நான் உள்பட. காலையில் முதல் பாரத்துக்கு முன்னால் நான் என் இடத்தில் நின்று நெற்றியில் கை வைத்து அவருக்கு ஒரு சலாம் போடுவேன். அவர் கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பதிலுக்கு ஒன்று போடுவார். நாள் முழுக்க அவர் மேலே, நான் கீழே. ஐந்து வருஷமாக எங்கள் சிநேகம் பெரும்பாலும் அந்தச் சலாத்தில்தான் நடந்தது.

ஒரு மாசி மாதத்தில் அந்தப் பதில் சலாம் நின்றுபோயிற்று. முதல் நாள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். இரண்டாம் நாள் சுருக்கென்றது. மூன்றாம் நாள் எனக்குக் காரணம் 'தெரிந்துவிட்டது'. அதற்கு முந்தின வாரம், கஞ்சி வேளையில், நாலு பேர் நடுவில் நான் ஒரு பேச்சுப் பேசியிருந்தேன். கொஞ்ச நாளாக அவர் வேலை மந்தமாகியிருந்தது. "அண்ணாத்தே கிரேனா ஓட்றாரு? ஒத்தியூர் தேரை இல்ல இழுத்துகினு கீறாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை யாரோ போய் அவரிடம் வத்தி வைத்துவிட்டார்கள். யார்? கிரேனுக்கு எண்ணெய் போடுகிறவன்தான், வேறு யார். இப்படி முடிவு கட்டிவிட்டேன். அது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். நினைத்து நினைத்து மூன்று மாதத்தை ஓட்டினேன்.

பத்து நாள் கழித்து அந்த எண்ணெய்க்காரனே ஒரு துணிச் சுருளோடு என்னிடம் வந்தான். முழம் கணக்கில் புது லாங்கிளாத். "அண்ணாத்தே குட்தாரு. கை காட்டும்போது இத்த கைல சுத்திக்கணுமாம்" என்றான். அப்போது மூட்டைக்காரர்கள் எல்லோரும் பக்கத்தில்தான் நின்றார்கள். என் நிறம் உங்களுக்குத் தெரியாது. நல்ல கருப்பு, வெயிலில் நின்று நின்று இன்னும் கருத்தது. "கரிக்கட்டைக்கு வெள்ளை உறையா, ஜோராத்தான் கீது" என்று ஒருவன் சொன்னான். சிரிப்பு கிளம்பிற்று. எனக்குக் காது மடல் சுட்டது. தேர் என்று சொன்னதற்குப் பழி வாங்குகிறார், என் தோலைக் காட்டி நாலு பேர் சிரிக்கும்படி செய்கிறார் என்று அந்த இடத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன். துணியைக் கையில் சுற்றவில்லை. வேண்டுமென்றே அதில் என் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டி எடுத்துப் போக ஆரம்பித்தேன். உன் துணிக்கு என்னிடம் இதுதான் மரியாதை என்று அவருக்குக் காட்டுவதாக எனக்கு நினைப்பு. அதை அவர் பார்த்தாரா என்பதையும் நான் கேட்கவில்லை.

அந்த மூன்று மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை என் மனைவி சொன்னால்தான் பொருத்தம். தண்டையார்ப்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்கு நடக்கிற வழியெல்லாம் நான் அண்ணாத்தேயுடன் சண்டை போட்டுக்கொண்டே போவேன். அவர் இப்படிச் சொல்வார், அதற்கு நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அவர் வாயடைத்து நிற்பார். கல்மண்டபம் தாண்டுவதற்குள் இரண்டு சண்டையில் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தும் ஒரு சந்தோஷம் கிடையாது, சாயங்காலம் திரும்பும்போது முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். நாலு வயது மகள் மடியில் ஏறினால் இறக்கி விடுவேன். ஒரு நாள் மனைவி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள், எனக்கு உயிர். சாப்பிட்டு எழுந்ததும், "எப்டி இருந்துச்சி?" என்று கேட்டாள். "எது?" என்றேன். "மூட்டை தூக்கறவன்லாம் சிரிச்சிகினு வூட்டுக்கு வரான். கைய ஆட்டிட்டு வர்ற உனுக்கு இன்னாயா இம்மாம் அசதி?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது பின்னால்தான் உறைத்தது. உடம்பால் நான் ஒரு மூட்டையும் சுமக்கவில்லை. ஆனால் இல்லாத ஒரு பாரத்தை நாள் முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

சித்திரை கடைசியில் அண்ணாத்தேயின் மச்சான் சாயங்காலங்களில் துறைமுக வாசலில் தென்பட ஆரம்பித்தான். வேலை வெட்டி இல்லாத ஆள். அவ்வளவுதான், மிச்சமிருந்த முடிச்சும் எனக்கு அவிழ்ந்துவிட்டது. என் கை சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லி என்னைக் கழற்றிவிட்டு, மச்சானை என் இடத்தில் நிறுத்தப் போகிறார்! இதற்குமேல் பொறுப்பது முட்டாள்தனம் என்று பட்டது. அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். கிரேன்காரர் மந்தம், இவரால் வேலை கெடுகிறது, வேறு ஆள் போடுங்கள் என்று நாளை மத்தியானம் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவது. சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மேஸ்திரி ஏற்கெனவே அவர்மேல் கடுப்பாகத்தான் இருந்தார். அந்த வேலை போனால் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் தீர்மானித்தேன். இதை எழுதுவதற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வேர்க்கடலை மூட்டை ஏற்றுமதி. பன்னிரண்டு மூட்டையைச் சேர்த்துக் கட்டிய பாரம் கரையிலிருந்து எழும்பி, கிடங்கின் வாய்க்கு நேரே வந்து நின்றது. நான் சலாம் போட்டிருந்தேன், பதில் இல்லை. அதே எரிச்சலோடு கூண்டை நிமிர்ந்து பார்த்தபடி உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்தினேன். இறக்கு. பாரம் நகரவில்லை. மறுபடி காட்டினேன், இந்தத் தடவை தோளே கழன்றுவிடும் போல. நகரவில்லை. கிடங்குக்குள்ளிருந்து ஏதோ கூச்சல் வந்தது. அவர்களும் என்னைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள், என் கைக்கு மரியாதை போனதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மேல்தளத்தில் நின்ற ஒருவன் நிஜமாகவே சிரித்தான். மூன்று மாதமாக வழியெல்லாம் போட்ட சண்டை அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. பாரத்தை அந்தரத்தில் தொங்க விட்டுவிட்டுக் கரையில் இறங்கி, கிரேன் ஏணியில் ஏறினேன். அவ்வளவு நாளில் நான் அந்த ஏணியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

கூண்டுக்குள் தலையை நுழைத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. கன்னமெல்லாம் வியர்வையா, கண்ணீரா என்று தெரியாதபடி ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணாத்தே" என்றேன். திடுக்கிட்டார். திரும்பாமலே, "யாரு, நீயா? அப்ப அங்க யாருமே இல்லியா?" என்றார். பிறகு மெல்ல, "கை தெரியலப்பா. கண்ணுல பூ வுழுந்துடுச்சி. காலைல இந்த வெயில் மூஞ்சிக்கு நேரா வரச்சொல்லோ மங்கலாத்தான் தெரியும், இன்னிக்கு ஒண்ணுமே தெரியல. அதான் அன்னிக்கே துணி குட்தேன்" என்றார்.

அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். கடலிலிருந்து எழுந்த வெயில் கூண்டுக்கு நேரே கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு எதிரே கப்பலின் கருப்பு இரும்பு, அதன் நிழல், அதற்குள் நான் தினமும் நிற்கிற இடம். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அங்கே என்னைப்போல ஒருவன் நின்று கை அசைத்தால் எனக்கே மங்கலாகத்தான் தெரியும் என்று பட்டது. இந்த மூன்று மாதத்தில் என் சலாம் ஒருநாளும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஐந்து வருஷமாக நான் அவரை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன், அவர் இடத்திலிருந்து என்னை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

ஏணியில் இறங்கினேன். மேல்தளத்தில் வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கிலிருந்து துணியை அவிழ்த்தேன். அவசரத்தில் குழம்பு சிந்தித் துணி நனைந்தது. அப்படியே தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டு கிடங்கின் வாயோரம் போய் நின்றேன். அன்று முதல் தடவையாக உள்ளே எட்டிப் பார்த்தேன். பாரத்துக்கு நேர் கீழே ஒரு மனிதர் குனிந்து கிடந்தார். அவருடைய ஒரு கால், இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் கணுக்கால் வரை சிக்கியிருந்தது, இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "யோவ், எம்மா நேரமாயா கத்திகினு கீறோம், எங்கயா போனே?" என்று கீழிருந்து ஓர் ஓலம். நான் இறக்கு என்று இரண்டு முறை காட்டியபோதும் அந்த ஆள் அங்கேதான் கிடந்திருக்கிறார். அவர்கள் போட்ட கூச்சல் அதற்குத்தான். நான் கிடங்கைப் பார்க்கவில்லை. அண்ணாத்தேயின் மூஞ்சியில் எனக்கு என்ன அவமரியாதை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்ணிருந்த நான் பார்க்காமல் சொன்னேன். கண் போன அவர் நினைத்துக்கொண்டு ஓட்ட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பிழைத்தது அதனால்தான். வெள்ளைக் கையை மடக்கி உயர்த்தினேன். கூண்டிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. கீழே இருந்தவர் காலை உருவிக்கொண்டு ஒதுங்கிய பிறகு, உள்ளங்கையைக் கவிழ்த்தேன். பாரம் பூவாக இறங்கியது.

சாயங்காலம் வாசலில் மச்சான் காத்திருந்தான். இருட்டினால் அண்ணாத்தேக்கு வழி தெரியாதாம், கையைப் பிடித்துக் கூட்டிப்போக வருகிறானாம். அதற்குத்தான் அத்தனை நாளும் வந்திருக்கிறான். நான் கூடவே நடந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். தேர் என்று சொன்னது, துணியில் சோறு கட்டினது, மேஸ்திரியிடம் போக இருந்தது, பார்க்காமல் கை காட்டியது, எல்லாம். தேர்ப் பேச்சு அவர் காதுக்கு வரவேயில்லை. கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். "நல்லாத்தான் சொல்லிகீறே. தேருக்குக்கூட சக்கரத்துல கட்டை போட்டு நிறுத்த ஆளு உண்டு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீ ஏன் துணி சுத்திக்கலன்னு எனக்கும் தெரியல. கேட்டா கண்ணு சமாச்சாரம் வெளிய வந்துடுமேன்னு நானும் கேக்கல. அதுல எம்மேலயும் தப்பு கீது" என்றார். நான் அழுதேன். நடுத்தெருவில், மச்சான் பார்க்க அழுதேன். அன்று இரவு என் மனைவி அந்தத் துணியை வாங்கி, நான் கேட்காமலே சட்டைக் கையாகத் தைத்து நாடா வைத்தாள்.

மறுநாள் காலை அண்ணாத்தே தாமாகவே மேஸ்திரியிடம் போனார். நான் தடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கை இருக்கிறதே, சமாளிக்கலாமே என்றேன். "பனி மாசத்துல வெள்ளையும் தெரியாதுப்பா. அடில ஆளு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் வருவதற்குள் நான் என் வழக்கப்படி அவர் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேன், பெண்களின் கல்யாணத்தையும் கெடுத்துவிட்டேன். நடந்தது வேறு. கயிற்றுக் கொட்டடியில் அறுந்த கயிறுகளைப் பின்னி இணைக்கிற வேலைக்கு அவரை மாற்றினார்கள். சம்பளம் குறைவு, ஆனால் தடவிப் பார்த்தே செய்யலாம். பெண்களுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கல்யாணம் நடந்தது. பெரியவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். அவருக்குப் பிறகு வந்த கிரேன்காரர்கள் எல்லோருக்கும், என் தோள் விட்டுப்போகும் வரை, நான் அந்த வெள்ளைக் கையோடுதான் சொன்னேன்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது பார்வை முழுவதும் போய்விட்டிருந்தது. கல்மண்டபத்துத் தெருவில், வீட்டு வாசலில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வந்த நான் பழக்கத்தில் நின்று நெற்றியில் கை வைத்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டு விநாடி அப்படியே நின்றேன். பிறகு கிட்டப் போய், "அண்ணாத்தே, சலாம் வச்சிருக்கேன்" என்றேன். குரலை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தது. மெதுவாகக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். நான் பக்கத்தில் வந்துவிட்டதை மறந்து, எப்போதும்போல உயரத்திலிருந்து பார்ப்பவர் மாதிரி கொஞ்சம் கீழே குனிந்து வைத்தார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் காப்பி பச்சைத் தண்ணீராக ஆறிவிட்டது. எழுந்து உள்ளே போனேன். மகள் அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வயசுக்குப் பிறகும் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, நினைப்பது சுலபமாக இருக்கிறது. "ஏம்மா, என்மேல எதுனா கோவமா?" என்றேன். திரும்பினாள். இடது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. "பல்லு நைனா," என்றாள் வாயைத் திறக்க முடியாமல், "ராவெல்லாம் தூங்கல. பேச முடில." லோட்டாவை வைக்கும்போது என் முகத்துக்கு எதிரேதான் குனிந்தாள். அந்தக் கன்னத்தை நான் பார்க்கவே இல்லை.

அவளை நகரச் சொல்லிவிட்டு, சட்டியில் இரண்டு கை கல்லுப்பைப் போட்டு வறுத்தேன். சூடு பொறுக்கும் பதம் வந்ததும் வெள்ளைச் சட்டைக் கையின் ஒரு முனையை முடிந்து, உப்பை அதற்குள் கொட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டினேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினாள். ஒத்தடம் வைக்கையில், "சுடுதா, போதுமா?" என்று ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் வைத்தேன்.